அகத்தைப் புறமாக்கும் அடையாளம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அகநூலா, புறநூலா என்னும் வினா, தமிழ் பயிற்றும் வகுப்பறைகளில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். நக்கீரர் பாடிய அப்பாட்டில், கூதிர்க்காலத்து இரவொன்றில் தலைவனைப் பிரிந்த அரசி அரண்மனையுள் ஆற்றாது வருந்துகிறாள். தலைவனோ பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறியவாறு நள்ளிரவிலும் உறங்காது திரிகிறான். பிரிவும் அதனால் விளையும் துயரமும் அகத்திணைக்கு உரிய பொருள்களே. பாட்டில் தலைவனின் பெயர் இல்லை. தலைவியின் பெயரும் இல்லை. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்றே கொண்டார். மன்னனுக்கு முன்னே செல்பவன் கையிலிருந்த வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்று புலவர் கூறியதே அதற்குக் காரணம். வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளம். அவ்வொரு குறிப்பைக் கொண்டு, பாட்டின் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று கண்டுகொள்ள முடிகிறது. கண்டுகொள்ள முடிந்த அக்கணமே அகம் புறமாகிவிடுகிறது.

இம்முடிபை ஏற்காது, நெடுநல்வாடை அகமே என்று வாதிடும் அறிஞரும் உளர். வழக்கின் தீர்ப்பு எதுவாயினும், அதன் அடியில் அமைந்துள்ள நெறி எண்ணிப் பார்க்கத்தக்கது. அன்பின் ஐந்திணையைப் பாடுவோர் தலைமக்களின் இயற்பெயரைக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. உள்ளத்து உணர்ச்சி பொதுவில் பேசப்படலாம். அவ்வுணர்ச்சிக்கு உரியவர் இன்னார் என்று சுட்டப்படுதல் கூடாது. நெடுநல்வாடை பற்றிய வழக்கு இவ்வரம்பை மேலும் ஒரு படி கொண்டு செல்கிறது. பெயரை மறைத்தல் மட்டும் போதாது. பெயருக்கு இட்டுச் செல்லும் அடையாளமும் இருத்தலாகாது என்பதே அதனால் பெறப்படும் கருத்து.

இஃது இலக்கிய வகுப்போடு முடிந்துபோகும் செய்தி என்று கருதுதல் பொருந்தாது. இன்று கைப்பேசியோ கணினியோ இல்லாத இல்லம் சிங்கப்பூரில் அரிது. அவற்றின் வழியே இணையத்தில் உலவுவோர்மீது, வேப்பந்தழையினும் சிறியதோர் அடையாளம் அவர்தம் கண்ணுக்குத் தெரியாமலே சூட்டப்படுகிறது. ‘குக்கி’ என்பது அதன் பெயர். அவ்வடையாளம் செய்யும் வேலை யாது, அதனால் மாந்தரின் அகவாழ்வுக்கு நேரும் குறை யாது, அக்குறையைத் தடுக்கும் கடமை யாருடையது என்பன இக்காலத்து அறவினாக்களுள் முதன்மையானவை.

கடைக்காரரின் நினைவு

ஒருவரைப் பற்றி மற்றொருவர் அறிந்து வைத்திருத்தல் தன்னளவில் தீதன்று. சிராங்கூன் சாலையின் பழைய மளிகைக் கடைகளை நினைவுகூர்வோர் இதனை எளிதில் ஒப்புவர். ‘555’ என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேட்டில் வாடிக்கையாளரின் கடன் கணக்கு எழுதி வைக்கப்படும். எவர் எந்த அரிசி வாங்குவார், எவர் வீட்டில் மகப்பேறு நிகழ்ந்துள்ளது, எவருக்கு மாதக் கடைசியில் கைப்பணம் முடையாகும் என்பனவெல்லாம் கடைக்காரர் அறிவார். அவ்வறிவு வணிகத்துக்கு மட்டுமன்றி அன்புக்கும் துணை செய்தது. கையில் காசில்லாத நாளிலும் அரிசி மூட்டை வீடு வந்து சேர்ந்தது அவ்வறிவினாலேயே.

ஆயினும் அந்நினைவுக்கு மூன்று எல்லைகள் இருந்தன. முதலாவது, அஃது இருபுறமும் நிகழ்ந்தது. கடைக்காரர் வாடிக்கையாளரை அறிந்தவாறே வாடிக்கையாளரும் கடைக்காரரை அறிந்திருந்தார். இரண்டாவது, அது கடைச்சுவரைத் தாண்டவில்லை. பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கியவரைப் பின்தொடர்ந்து, அவர் எந்த மருத்துவரிடம் சென்றார், எந்த அடகுக்கடைப் படியேறினார் என்று கடைக்காரர் குறித்துக்கொண்டதில்லை. மூன்றாவது, அந்நினைவு காலத்தால் தேய்ந்தது. கடன் தீர்ந்தால் கணக்கு அடிக்கப்படும். ஏடு பழசானால் எறியப்படும். இம்மூன்று எல்லைகளும் மனித இயல்பால் அமைந்தவை. ஆதலின் அவற்றைக் காக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

குக்கியின் பிறப்பும் வளர்ச்சியும்

குக்கி என்பதும் தொடக்கத்தில் அத்தகைய கடைக்குறிப்பாகவே தோன்றியது. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி என்னும் பொறியாளர் அதனை வடிவமைத்தார். இணையத்தளத்துக்கு இயல்பாக நினைவு கிடையாது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்து, அடுத்த நொடியில் மறு பக்கத்தைத் திறந்தால், இருமுறையும் வந்தவர் ஒருவரே என்பதை அத்தளம் அறியாது. கூடையில் ஒரு பொருளை இட்டுவிட்டுப் பணம் செலுத்தச் செல்வதற்குள் அவரை மறந்துவிடும் கடையில் வாணிகம் எங்ஙனம் நடைபெறும்? இக்குறையைப் போக்கவே, தளம் ஒரு சிறு குறிப்பை வந்தவரின் கணினியிலேயே எழுதி வைக்கும் முறை உருவாயிற்று. அவர் மீண்டும் வரும்போது, இணைய உலவி அக்குறிப்பைத் தளத்திடம் திருப்பிக் காட்டும். காலணியைக் காப்பவர் தரும் எண் பொறித்த வில்லையைப் போன்றது அது. அதில் குற்றம் காண்பதற்கு ஏதுமில்லை.

குற்றம் நுழைந்த வழி வேறு. ஓர் இணையப் பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதன்று. செய்தி ஒரு நிறுவனத்தினுடையதாயின், அதன் ஓரத்தில் தோன்றும் விளம்பரம் மற்றொரு நிறுவனத்திடமிருந்து வருகிறது. கண்ணுக்குப் புலப்படாத, ஒரு புள்ளி அளவேயான படமும் சில வேளைகளில் பக்கத்தில் பதிக்கப்படுகிறது. இவ்வாறு பக்கத்துள் இடம்பெறும் மூன்றாம் தரப்பினரும் தமக்கெனக் குக்கி ஒன்றை வைக்க முடியும். அதே நிறுவனத்தின் விளம்பரம் நூறு தளங்களில் இடம்பெறுமாயின், நூறு தளங்களிலும் அதே குக்கி அந்நிறுவனத்திடம் காட்டப்படும். ஒருவர் காலையில் ஒரு நோயின் அறிகுறிகளைப் பற்றிப் படிக்கிறார். நண்பகலில் வேறு வேலை தேடுகிறார். இரவில் கடன் பெறும் வழிகளை ஆராய்கிறார். மூன்று தளங்களுக்கும் தம்முள் தொடர்பில்லை. ஆனால் மூன்றிலும் அமர்ந்திருந்த அம்மூன்றாம் தரப்பினர், மனைவியிடமும் அவர் சொல்லாத ஒரு கவலையை அறிந்துகொள்கின்றனர்.

இதனைத் தெருவுக்குக் கொண்டுவந்து காண்பது மாணவர்க்குத் தெளிவு தரும். தேக்காச் சந்தையில் ஒருவர் நுழையும்போது, முன்பின் அறியாத ஒருவன் அவர் முதுகில் எண்ணெழுதிய தாளொன்றை ஒட்டிவிடுகிறான் என்று கொள்க. கேம்பல் லேனிலும் சையது ஆல்வி சாலையிலும் ஒவ்வொரு கடைவாயிலிலும் அவனுடைய ஆட்கள் நின்று, அவ்வெண்ணுக்கு உரியவர் எதனைப் பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார், எதனை வாங்காது திரும்பினார் என்று எழுதிக்கொள்கின்றனர். மாலையில் அவ்வேடுகள் அனைத்தும் ஓரிடத்தில் சேர்க்கப்படுகின்றன. கடைக்காரரின் நினைவுக்கு இருந்த மூன்று எல்லைகளுள் ஒன்றேனும் இங்கு உண்டோ? அறிபவன் அறியப்படுவதில்லை, சுவர் இல்லை, மறதியும் இல்லை.

“பெயரை எடுக்கவில்லையே”

இவ்வாறு பின்தொடர்வோர் கூறும் முதல் மறுமொழி, ‘எவருடைய பெயரையும் யாம் எடுப்பதில்லை, வெறும் எண்ணையே குறித்துக்கொள்கிறோம்’ என்பதாகும். தமிழிலக்கியம் கற்றோர்க்கு இவ்விடை புதிதன்று. நெடுநல்வாடையும் எவர் பெயரையும் எடுக்கவில்லை. வேலில் கட்டிய வேம்பு ஒன்றே அங்குச் சுட்டும் தொழிலைச் செய்தது. பெயர் என்பது சுட்டுதற்குரிய பல கருவிகளுள் ஒன்றேயன்றி, ஒரே கருவியன்று. ஓர் எண் ஒருவரையே மீண்டும் மீண்டும் சுட்டுமாயின், அது பெயரினும் உறுதியான பெயராகும். ஒரே பெயருடையோர் பலர் இருக்கலாம், அவ்வெண்ணுடையார் ஒருவரே. அவர் ஏதேனும் ஒரு தளத்தில் தம் மின்னஞ்சலை இட்டுப் பதிவு செய்யும்போது, எண்ணும் பெயரும் இணைந்துவிடவும் கூடும்.

குக்கியை அழித்துவிட்டால் அடையாளம் முற்றும் நீங்கிவிடும் என்று எண்ணுதற்கும் இடமில்லை. திரையின் அளவு, நேர மண்டலம், கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருக்கள், உலவியின் மொழித் தேர்வு ஆகியவற்றை ஒருங்கே கூட்டி, கணினியை அடையாளங்காணும் முறையும் வழக்கில் உள்ளது. விரல்ரேகையைப் போல் அது பயன்படுவதால் அப்பெயராலேயே வழங்கப்படுகிறது. கூட்டத்தில் பலரோடு ஒத்திருப்பவரைப் பிரித்தறிதல் கடினம். அரிய பண்புடையவரைப் பிரித்தறிதல் எளிது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழ் ஒன்று. எனினும் உலவியின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தவர், தமிழ் எழுத்துருக்களை விரும்பி நிறுவியவர், இந்நகரத்துக் கணினிக் கூட்டத்தில் சிறுபான்மையரே. தாய்மொழிமீது கொண்ட பற்றே அவரைச் சுட்டும் வேம்பாக மாறிவிடக்கூடும் என்பது எண்ணத்தக்க முரண்பாடு.

மறைக்க ஏதுமில்லாதவர்

‘தவறு செய்யாதவர் அஞ்சுவானேன்? மறைக்க ஏதுமில்லாதவர்க்கு இதனால் வரும் இழப்பு யாது?’ என்று வினவுவோர் பலர். இவ்வினா, மறைவாக இருப்பன யாவும் தவறானவை என்னும் பிழையான கருத்தின்மேல் நிற்கிறது. அகம் என்பது குற்றத்தின் இருப்பிடமன்று. முழுமை பெறாத எண்ணங்களும் சொல்லப்படாத அன்பும் தணியாத அச்சமும் வாழும் இடம். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுபவர் குற்றவாளியல்லர். நாட்குறிப்பைப் பேழையில் வைப்பவரும் குற்றவாளியல்லர்.

மேலும், ஒரு செய்தி நல்லதா தீயதா என்பதனினும், அஃது எவரிடம் எதன் பொருட்டுக் கூறப்பட்டது என்பதே இங்கு முதன்மை. சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்விப்பவர், தம் பெயரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சகரிடம் வாய்விட்டே கூறுகிறார். அதில் மறைவு ஏதுமில்லை. ஆனால் அவர் உள்ளத்தில் நிகழ்த்திய வேண்டுதலை எவரேனும் அறிந்து, கோயில் வாயிலைக் கடக்குமுன் அதற்கேற்ற சரக்கை நீட்டுவாராயின், அவர் திடுக்கிடாது இருப்பாரோ? வேண்டுதலில் தவறில்லை. கேட்கத் தகாதவர் கேட்டதே தவறு.

செய்தி இடம் மாறுவதால் விளையும் தீங்கைச் சிங்கப்பூர் கண்கூடாகக் கண்டதுண்டு. எச்ஐவி கிருமி தொற்றிய 14,200 பேரின் விவரங்கள் சட்டத்துக்குப் புறம்பாக இணையத்தில் வெளியிடப்பட்டதை 2019ஆம் ஆண்டு ஜனவரியில் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவ்விவரங்கள் குக்கியால் திரட்டப்பட்டவையல்ல; மருத்துவத்தின் பொருட்டு முறையாகப் பதியப்பட்டவை. ஆயினும் அவர்தம் நிலை இங்கு உணரத்தக்கது. அவர்கள் எவருக்கும் தீங்கு இழைத்தாரல்லர், நோயுற்றது குற்றமுமன்று. தம் நிலையைத் தாம் விரும்பும் நேரத்தில், தாம் நம்பும் ஒருவரிடம் சொல்லும் உரிமையே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிபோன பின்னர் அவ்வுரிமையை எந்த இழப்பீட்டாலும் மீட்டளிக்க இயலாது. மறைக்க ஏதுமில்லை என்று கூறுவோர், நாளை தமக்கு நோயோ வறுமையோ வாராது என்று உறுதி கூறவல்லரோ?

தனிமறை உரிமை என்பது மேலைநாட்டார் கொண்டுவந்த சரக்கு என்று ஒதுக்குவாரும் உளர். சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர் இருவர் 1890இல் எழுதிய கட்டுரையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, இவ்வுரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தது. சட்டமாக அது வளர்ந்தது அண்மைக்காலத்தில் என்பது மெய். ஆனால் அதன் வேர் தமிழர்க்கு அயலானதன்று. களவுக் காதலை ஊர் அறிந்து தூற்றுவதன் துன்பத்தை ‘அலர்’ என்று பெயரிட்டு அறிந்த மொழி தமிழ். அலருக்கெனத் திருக்குறளில் தனியே ஓர் அதிகாரம் உள்ளது.

பொதுநலமும் வாக்குறுதியும்

அதே திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. நாடு காக்கும் பொறுப்புடையோர் சிலவற்றை அறிந்தே தீரவேண்டும் என்பதை வள்ளுவர் மறுத்தாரல்லர். ஆகவே, எதனையும் எவரும் அறிதல் கூடாது என்பது அறமாகாது; எதன் பொருட்டு அறிவது, எவ்வளவு அறிவது, சொன்ன சொல்லைக் காப்பது என்பனவே அறத்தின் கூறுகள். இதனைச் சிங்கப்பூர் மக்கள் கொள்ளைநோய்க் காலத்தில் நேரில் கற்றனர்.

2020 மார்ச் 20ஆம் நாள் ‘டிரேஸ்டுகெதர்’ செயலி அறிமுகமாயிற்று. கைப்பேசிகள் ஒன்றையொன்று நெருங்கும்போது, அடிக்கடி மாறும் தற்காலிக எண்களைப் புளூடூத் வழியே பரிமாறிக்கொள்ளும். அவ்விவரம் கைப்பேசியிலேயே 25 நாள் இருந்து பின்னர் அழியும். ஒருவருக்கு நோய் கண்டால் மட்டுமே அது சுகாதார அமைச்சுக்குச் செல்லும். எண் மாறிக்கொண்டே இருந்தமையால், வழியில் செல்வோர் எவரும் அதனைக் கொண்டு ஒருவரைப் பின்தொடர இயலாது. சுட்டாமை என்னும் நெறி அமைப்பிலேயே பேணப்பட்டிருந்தது எனலாம். கைப்பேசி இல்லாத முதியோர்க்குச் சிறு கருவிகள் வழங்கப்பட்டன. 2021 மே மாதத்திலிருந்து வழிபாட்டிடங்களிலும் கடைத்தொகுதிகளிலும் பள்ளிகளிலும் நுழைவோர் அச்செயலியையோ கருவியையோ கொண்டு பதிவு செய்தல் கட்டாயமாயிற்று.

அதற்குச் சில மாதங்கள் முன்னரே நம்பிக்கைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. நோய்த்தொடர்பைக் கண்டறிவதற்கு மட்டுமே இவ்விவரம் பயன்படும் என்று மக்களிடம் கூறப்பட்டிருந்தது. ஆனால் 2021 ஜனவரி 4ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையினர் அதனைக் குற்ற விசாரணைக்குப் பெற முடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். கொலை வழக்கு ஒன்றில் அது பயன்படுத்தப்பட்டதும் வெளிவந்தது. முன்னர் உறுதி கூறிய வேளையில் அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் மன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2இல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அவ்விவரத்தைப் பயன்படுத்தலாம் என்றும், தவறாகப் பயன்படுத்துவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றும் அது வகுத்தது. 2023 பிப்ரவரியில் அத்திட்டமும் முடிவுற்றது; கருவிகள் சமூக மன்றங்களில் திரும்பப் பெறப்பட்டன.

கொலைகாரனைக் கண்டுபிடித்தல் வேண்டாம் என்று கூறுவார் எவருமிலர். மக்களை உறுத்தியது அந்நோக்கம் அன்று. ஒரு நோக்கத்துக்காகத் தந்தது மற்றொரு நோக்கத்துக்குச் சென்றதே. அண்டை வீட்டாரிடம் பாதுகாப்புக்காகச் சாவியைக் கொடுத்துச் செல்பவர், அவர் தம் வீட்டினுள் நல்லெண்ணத்தோடு நுழைந்தார் என்று அறிந்தாலும் மனம் சுருங்குவர். ஈண்டு குறிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. தவறு மன்றத்தில் வெளிப்படப் பேசப்பட்டது; ஒப்புக்கொள்ளப்பட்டது; சட்டத்தால் வரம்பிடப்பட்டது; முடிவும் நாள் குறித்து அறிவிக்கப்பட்டது. விளம்பரத்துக்காகப் பின்தொடரும் எண்ணற்ற நிறுவனங்களிடம் இவ்வாறு வினவும் மன்றம் பொதுமக்களுக்கு எங்குள்ளது?

சோர்வினால் தரும் இசைவு

‘இசைவு பெற்றே செய்கிறோம்’ என்பது அந்நிறுவனங்களின் இறுதி அரண். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்பு ஒழுங்குமுறை 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர்த் தளந்தோறும் இசைவு கேட்கும் பட்டைகள் மிகுந்து தோன்றலாயின. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது பெரிய எழுத்தில், வண்ணத்தில் விளங்கும். மறுக்கும் வழியோ சில தளங்களில் பக்கங்கள் பல கடந்து, சிற்றெழுத்தில் மறைந்திருக்கும். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் இசைவாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் கூறியது. ஏற்பது போல் மறுப்பதும் எளிதாக இல்லை என்று கண்டு, கூகல் மீது 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக் மீது 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததாகப் பிரெஞ்சுத் தரவுக் காப்பு அமைப்பு 2022 ஜனவரியில் அறிவித்தது.

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடைமுறையில் உள்ளன. குக்கி வழியாகத் தனிநபர் தகவலைத் திரட்டி ஒருவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கு அவருடைய இசைவு வேண்டும் என்பதும், உலவியின் அமைப்பை மாற்றாது விட்டது ஒன்றே இசைவாகிவிடாது என்பதும் ஆணையத்தின் வழிகாட்டுதலில் கூறப்பட்டுள்ளன. இவை நல்ல வரம்புகள். எனினும் சட்டம் நிறுவனத்தின் செயலை வரையறுக்குமேயன்றி, மனிதரின் சோர்வை நீக்காது. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றவாறே செய்தி படிப்பவர், பட்டையை விலக்கினால் போதும் என்று ஒரு சொடுக்கில் அனைத்தையும் ஏற்றுவிடுகிறார். களைப்பினால் சொன்ன ‘ஆம்’ என்பது உள்ளம் ஒப்பிய ‘ஆம்’ ஆகுமோ? ஆகாது என்று அறிந்தும் அதனைப் பெற்றுக்கொள்வது, சட்டத்துக்கு உட்பட்டதாயினும் அறத்துக்கு உட்பட்டதன்று.

வணிகத்தின் மனமாற்றத்தை மட்டும் நம்பி இருத்தலும் இயலாது. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முற்றிலும் தடுத்து வருகிறது. கூகல் நிறுவனமும் தன் குரோம் உலவியில் ஈராண்டுக்குள் அவற்றை ஒழிப்பதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பின்னர்ப் பலமுறை தள்ளிவைத்து, 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனம் அவ்வருவாயின் வேரைத் தானே அறுக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

பள்ளியும் மாணவரும்

இவ்வினா ஆசிரியரைத் தொடாது நிற்பதன்று. தேசிய மின்னிலக்க அறிவுத்திறன் திட்டத்தின்கீழ், சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தமக்கெனக் கற்றல் சாதனம் வைத்திருக்கும் நிலை 2021இல் எய்தப்பட்டது. அச்சாதனங்களில் கண்காணிப்புக்கான மேலாண்மைச் செயலி நிறுவப்பட்டபோது, மாணவர் சிலர் தம் தனிமறை குறித்துக் கவலை தெரிவித்தனர். கடவுச்சொல் போன்ற விவரங்களை அது திரட்டாது என்றும், தகாத பக்கங்களைத் தடுப்பதற்காக இணையத் தேடல் போன்றவற்றைப் பதியும் என்றும் கல்வி அமைச்சு விளக்கியது. பிள்ளைகளைத் தீய பக்கங்களிலிருந்து காக்கும் கடமை பெரியோர்க்கு உண்டு; அதனை மறுத்தல் இயலாது. ஆயினும் பதின்ம வயதினர் தம் உடலைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் பெற்றோரின் பூசலைப் பற்றியும் எழும் ஐயங்களை முதலில் ஒரு தேடற்பெட்டியிலேயே இடுகின்றனர். எவரோ பார்க்கின்றனர் என்று அறிந்த மாணவர் அவ்வினாவைக் கேளாமலே விடக்கூடும். கேளாத வினாவுக்கு எந்த ஆசிரியரும் விடையளிக்க முடியாது. காவல் எங்கே முடிகிறது, வேவு எங்கே தொடங்குகிறது என்பதை வகுப்பறையில் மறைவின்றிப் பேசி, எது பதியப்படுகிறது, ஏன் பதியப்படுகிறது என்று மாணவர்க்குச் சொல்லிவிடுதலே நேர்மையான வழி.

தனிமனிதர் செய்யத்தக்கனவும் சில உள. உலவியின் அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கலாம். பழையவற்றை அவ்வப்போது அழிக்கலாம். இசைவுப் பட்டையில் மறுக்கும் பொத்தானைத் தேடும் சிறு பொறுமையைப் பழகலாம். செயலி கேட்கும் இருப்பிட உரிமையும் தொடர்பெண் உரிமையும் அதன் வேலைக்குத் தேவையா என்று வினவலாம். அடையாள அட்டை எண்ணைச் சட்டம் வேண்டினாலன்றி, அல்லது ஆளை ஐயமற உறுதிசெய்யும் தேவை இருந்தாலன்றி, நிறுவனங்கள் கேட்டல் கூடாது என்னும் வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடையில் குலுக்கல் சீட்டுக்காக அதனைக் கேட்டால் மறுப்பது முரட்டுத்தனமன்று.

இவை யாவும் தன்னைக் காத்தல். பிறரைக் காத்தல் அதனினும் பெரிய கடமை. மாணவரின் படத்தைப் பெற்றோரின் ஒப்புதலின்றிப் பொதுவில் இடுதல், நண்பரின் தொலைபேசி எண்ணைக் கேளாமலே பலர் கூடும் குழுவில் தருதல், உறவினரின் நோய்ச்செய்தியை அன்பின் மிகுதியால் நூறு பேருக்கு அனுப்புதல் ஆகியன இன்று நல்லோரும் எண்ணாது செய்வன. பெருநிறுவனங்கள் எண்ணால் செய்வதை, அவர்கள் விரலால் செய்கின்றனர். பிறர் அகத்தைச் சுட்டாத நாக்கும் விரலும் இல்லாத சமுதாயத்தில் சட்டங்கள் எத்துணை இருந்தும் பயன் சிறிதே.

நெடுநல்வாடையின் புலவர் வேம்பைக் குறிப்பிட்டது எவரையும் காட்டிக்கொடுக்கும் நோக்கத்தால் அன்று. பாசறைக் காட்சியை உள்ளவாறு தீட்டும்போது அக்குறிப்பும் உடன் வந்தது. ஆயினும் அஃதொன்றினால் ஓர் அரசியின் துயரம், உலகத்துத் தலைவியர் அனைவரின் துயரமாக நில்லாது, பெயர் சொல்லத்தக்க ஒருத்தியின் செய்தியாகிவிட்டது. தீங்கு எண்ணாது வைத்த அடையாளமே இவ்வளவு செய்யுமாயின், ஆதாயம் கருதி ஒவ்வொருவர்மீதும் வைக்கப்படும் அடையாளம் எவ்வளவு செய்யும்! அகத்தைப் புறமாக்கும் உரிமை அதற்குரியவர் ஒருவர்க்கே உண்டு. அவர் விரும்பிச் சொல்லும்வரை பொறுத்திருப்பதே நட்புக்கும் அரசுக்கும் வணிகத்துக்கும் ஏற்ற பண்பாடாகும். அப்பண்பாட்டை மாணவர்க்குக் கற்பிக்கத் தமிழாசிரியர்க்குப் புதிய பாடநூல் தேவையில்லை. அகத்திணைப் பாடத்தை நடத்தும்போது, மாணவர் கையிலுள்ள கருவியையும் ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும்.